‘மீடியமா வெட்டுங்க’ என்று சொன்னால் எனக்குப் பயம்: ஒரு சலூன்காரரின் பதில்கள்

திருநெல்வேலிப் பக்கம் சலூன் வைத்து 26 வருடமாகிறது. கத்தரியும் சீப்பும் மட்டும் வைத்துத் தொழில் பழகி, பிறகு மிஷினுக்கு வந்தவன். முடிவெட்டு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த ஷாம்பு நல்லது என்று கேட்ட அத்தனை பேருக்கும் ஒரே பதில்: உங்களுக்கு அரிக்காதது.

அண்ணா, போனில் படம் காட்டித்தான் வெட்டச் சொன்னேன். வந்தது வேறு. எப்படிச் சொன்னால் சரியாக வெட்டுவார்கள்? (கல்லூரி மாணவர், கோவை)

படம் காட்டியது தப்பில்லை தம்பி. படத்தில் இருப்பவர் முடியும் உன் முடியும் ஒரே ஜாதியா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் கத்தரியை எடுத்தாரே, அதுதான் தப்பு. அவருக்கு நெற்றி சின்னது, முடி கம்பி மாதிரி நேராக இருக்கும். உனக்குச் சுருட்டை என்றால் அந்த வெட்டு உன் தலையில் வேறு ஒன்றாகத்தான் வரும். நடிகர் படத்தைவிட உன்னுடைய பழைய படம் நூறு மடங்கு உதவும். எப்போதாவது ஒரு வெட்டு பிடித்துப் போனால், அன்றைக்கே முன்பக்கம், பக்கவாட்டு, பின்னந்தலை என்று மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்.

தொழிலில் நான் அதிகம் பயப்படும் வார்த்தை ‘மீடியம்’. உங்கள் அப்பா மீடியம் என்றால் காதுக்கு மேலே விரலில் பிடிக்கிற அளவு முடி இருக்க வேண்டும். இப்போது வரும் பையன்கள் மீடியம் என்றால் பக்கத்தில் தோல் தெரிய வேண்டும். அதனால் நம்பர் சொல்லிப் பழகு. மிஷினில் மாட்டும் கேப் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. வீட்டு டிரிம்மர்கள் பலவற்றில் நேரடியாக மில்லிமீட்டரே போட்டிருக்கும். ‘வீட்டுல 3 வைப்பேன், இங்கயும் 3 வைங்க’ என்பவருக்கு நான் கடை 3 வைத்தால் மூன்று மடங்கு முடி மிஞ்சும். இந்தக் குழப்பத்தில் வாரம் ஒருவராவது வருகிறார்.

மேலே எவ்வளவு வேண்டும் என்பதை விரலால் காட்டு. கிருதா எங்கே நிற்க வேண்டும், பிடரியில் கோடு போட வேண்டுமா, தானாக மங்கி இறங்க வேண்டுமா, இதையும் சொல்லிவிடு. அப்புறம், போன தடவை வெட்டி எத்தனை நாள் ஆனது என்று சொல். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். ‘ஒரு மாசம் வளர்ந்ததை மட்டும் எடுங்க’ என்றால் எனக்கு அளவு கிடைத்துவிட்டது.

ஃபேட் வைத்தால் பத்து நாளில் போய்விடுகிறதே? (ஓசூர்)

போகத்தான் செய்யும். ஃபேட் என்றால் கீழே வழித்து, மேலே போகப் போக முடியைக் கூட்டுகிற வெட்டு. வழித்து வைத்த இடத்தில் பத்து நாளில் 3, 4 மில்லிமீட்டர் முளைத்துவிடும். கல்யாணம் என்றால் இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறைதான் கடைக்கு வருவீர்கள் என்றால் ஃபேட் கேட்காதீர்கள். பக்கத்தில் 2 அல்லது 3 வையுங்கள், வளரும்போதும் அசிங்கமாக இருக்காது.

உச்சியில் எனக்கு இரட்டைச் சுழி. எப்படி வெட்டினாலும் அங்கே மட்டும் நட்டுக்கொண்டு நிற்கிறது. ரெண்டு பொண்டாட்டி என்று வீட்டில் கிண்டல் வேறு. (விருதுநகர்)

கல்யாண விஷயத்துக்கு நான் ஆள் இல்லை. முடிக்குச் சொல்கிறேன். சுழியோடு சண்டை போட்டு ஜெயித்த சலூன்காரன் கிடையாது. நட்டுக்கொள்ள முடியாத அளவுக்கு ஒட்ட வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தன் கனத்திலேயே படுக்கிற அளவுக்கு விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 2, 3 சென்டிமீட்டர்தான் வம்பு. அந்த இடத்தில் அடர்த்தியைக் குறைக்கிற பல் கத்தரி போட விடாதீர்கள். உள்ளே குட்டையாகிப் போன முடி, மேலே இருக்கும் முடியையும் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடும்.

நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும், தண்ணீர் அடிப்பதற்கு முன்னாலேயே, காய்ந்த முடியை விரலால் விலக்கி உச்சியைப் பார்ப்பேன். நனைத்துவிட்டால் எல்லாச் சுழியும் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வீட்டுக்குப் போன பிறகுதான் எழுந்து நிற்கும். பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் தூக்குகிறவரிடம், ‘சுழி இருக்கு, பாத்துக்குங்க’ என்று சொல்லிவிடுங்கள்.

ஷேவிங்கில் புது பிளேடு போடுங்கள் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. (திருச்சி)

கூச்சம் எங்களுக்குத்தான் வர வேண்டும். உறையிலிருந்து எடுத்து, உங்கள் கண்முன்னால் பாதியாக உடைத்து, கத்தியில் சொருக வேண்டும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடம்புக்கு வெளியே 7 நாள்கூட உயிரோடு இருக்கும். பழைய பிளேடை டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு முக்குவது தீர்த்தம் தெளிக்கிற மாதிரிதான்.

பிளேடைப் பார்க்கிறவர்கள் படிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஷேவிங் முடிந்ததும் ஒரே கட்டியைத்தான் எல்லோர் கன்னத்திலும் தேய்க்கிறோம், ரத்தம் வந்த இடத்திலும் சேர்த்து. பத்து ரூபாய்க்குச் சின்னக் கட்டி ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் கொண்டு வாருங்கள். என் கடையில் நாலு பேர் அப்படிக் கொண்டு வருகிறார்கள், எனக்கு வருத்தமில்லை.

முடி வெட்டியதும் கழுத்தில் சொடக்கு எடுத்தால்தான் எனக்குத் திருப்தி. நல்லதா? (மதுரை)

வேண்டாம். நானும் பல வருடம் எடுத்தவன்தான். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் தாடையில் கை வைத்தேன். மனிதர் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் டாக்டர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கழுத்தெலும்பு வழியாக மூளைக்கு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன, வெடுக்கென்று முறுக்கும்போது அவற்றின் உள்சுவர் கிழியலாம், அங்கே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்றார். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. அன்றோடு விட்டேன். தலையைப் பிடித்துவிடுவேன், தோளை அமுக்கிவிடுவேன், அதோடு சரி. சொடக்கு எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

செவ்வாய்க்கிழமை ஏன் லீவு? (பெயரில்லாமல் ஒருவர்)

அன்றைக்கு முடி வெட்டக் கூடாது என்று சனங்கள் நினைக்கிறார்கள், கடைக்கு வருவதில்லை. வராத நாளில் திறந்து வைத்து ஈ ஓட்டவா? ஞாயிறு முழுக்க நின்ற காலுக்கும் ஒருநாள் வேண்டும். துணி துவைப்பதும் கத்தரியைச் சாணைக்குக் கொடுப்பதும் அன்றைக்குத்தான்.

2020 ஊரடங்கில் டிரிம்மர் வாங்கி நானே வெட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். இன்றுவரை பின்னந்தலை படிக்கட்டு மாதிரிதான் வருகிறது. என்ன தப்பு செய்கிறேன்? (ஐடி ஊழியர், பெங்களூரு)

அந்த வருடம் மார்ச் கடைசியில் பூட்டிய கடையை மே மாதம் பாதிக்கு மேல் போய்த்தான் திறக்க விட்டார்கள். திறந்த வாரத்தில் வந்த தலைகளில் பாதி, வீட்டில் வெட்டியதைச் சரி பண்ணச் சொல்லி வந்தவை. அதனால் உங்கள் பின்னந்தலையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். பெரிய கேப்பிலிருந்து சின்னக் கேப்புக்கு ஒரே தாவாகத் தாவுகிறீர்கள். 12 மில்லிமீட்டருக்கும் 6-க்கும் நடுவே ஒரு 9 வேண்டும். அதைக் கோடு விழுந்த இடத்தில் மட்டும், மண்ணைச் சுரண்டுகிற மாதிரி கீழிருந்து மேலே எடுத்து வெளியே விசிறிவிட வேண்டும். தலை உள்பக்கம் வளையத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு, தடவிப் பார்த்தால் தெரியும். அங்கே மிஷின் தலையை விட்டு விலகிவிட வேண்டும். வளைவோடு ஒட்டியே மேலே கொண்டு போனால் உச்சியில் தொப்பி வைத்த மாதிரி ஆகிவிடும்.

மற்றபடி, தலைக்குக் குளித்து, எண்ணெய் இல்லாமல், நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். முழு சார்ஜ் இருக்கட்டும். பாதித் தலையில் மிஷின் செத்துப்போய் லுங்கியோடு என் கடைக்கு ஓடி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். 6 வேண்டும் என்றாலும் 12-இல் தொடங்குங்கள். வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது. பாத்ரூம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து, மிஷினை ஆன் பண்ணாமலே ஐந்து நிமிடம் ஒத்திகை பாருங்கள். இடது எது வலது எது என்று கைக்குப் பிடிபட்ட பிறகு ஆன் பண்ணலாம்.

பிடரிக் கோட்டுக்கு இடது கை ஆள்காட்டி விரலைக் குறுக்காக வைத்து, அதற்குக் கீழே இருப்பதை மட்டும் மேலிருந்து கீழாக எடுங்கள். கோடு சாய்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். நேராக்குகிறேன் என்று இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் எடுத்தால் கோடு காது மட்டத்துக்கு ஏறிவிடும். மேலே நீளமாக இருக்கும் முடியில், கண்ணாடியில் நேராகத் தெரிகிற முன்பகுதியை மட்டும் கத்தரியால் வெட்டுங்கள். உச்சியை மனைவியிடம் கொடுங்கள், இல்லை எங்களிடம் கொடுங்கள்.

கேப் ‘டக்’ என்று மாட்டிய சத்தம் கேட்காமல் தலையில் வைக்கவே வைக்காதீர்கள். கற்றுக்கொள்கிற காலத்தில் அது கழன்றதைக் கவனிக்காமல், ஒருவர் காதுக்குப் பின்னால் ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை அடித்துவிட்டேன். மூன்று வாரம் அவர் தெருவில் வரும்போதெல்லாம் நான் கடைக்குள் ஒளிந்தேன்.

மூன்று வயதுப் பையன் மிஷினைப் பார்த்தாலே கத்துகிறான். (ஓர் அம்மா, தஞ்சாவூர்)

பயம் மிஷின்மீது இல்லை அம்மா, காதுக்குப் பக்கத்தில் வரும் சத்தத்தின்மீது. கத்தரியிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே பலகை போட்டுத் தனியாக உட்கார வைப்பதைவிட, நீங்கள் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பசி நேரத்திலும் தூக்க நேரத்திலும் கூட்டி வராதீர்கள்.

மூன்று மொட்டை போட்டால் பேரனுக்கு முடி அடர்த்தியாக வருமா? (ஒரு பாட்டி, நாமக்கல்)

வராது அம்மா. வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்தி மேலேதான் போகிறது. பிறந்த முடியின் நுனி மெலிந்திருக்கும். சிரைத்த பிறகு முனை மழுங்கி முளைப்பதால் தடித்த மாதிரி தெரிகிறது. சிரைப்பதால் முடி தடிப்பதில்லை என்று மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1928-லேயே அளந்து காட்டிவிட்டார். நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடுங்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் அறிவித்துவிட்டார்கள்.

27 வயது. முன்னால் ஏறிக்கொண்டே போகிறது. மறைக்கிற மாதிரி வெட்ட முடியுமா? (சென்னை)

பக்கத்து முடியை வளர்த்து மேலே இழுத்துவிடாதீர்கள், காற்றடித்தால் கதை முடிந்தது. பக்கத்தை ஒட்ட எடுத்தால் மேலே இருப்பது அடர்த்தியாகத் தெரியும். தோல் டாக்டரைச் சீக்கிரம் பாருங்கள். மருந்து பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றத்தான் உதவும். எண்ணெய் விற்கிறவர்களை நம்பி இரண்டு வருடத்தைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள்.

எங்கள் ஊர் சலூனில் எங்கள் தெருக்காரர்களுக்கு வெட்ட மாட்டார்கள். டவுனுக்குத்தான் போகிறோம். நீங்கள் வெட்டுவீர்களா? (ஊர் வேண்டாம் என்றார்)

வெட்டுவேன். சாதி பார்த்துக் கடையில் மறுப்பது 1955-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். ‘நான் வெட்டினால் மற்றவர்கள் வர மாட்டார்கள்’ என்று சொல்லும் தொழில்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களையும் ஊர் ஒரு பெயர் சொல்லித் தள்ளித்தான் வைத்திருக்கிறது, அப்படியிருந்தும் கதவைச் சாத்துகிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்தே வருகிறது.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். ஆறு மாதமாக முடி வெட்டவில்லை. நானே வெட்டலாமா? (பாளையங்கோட்டை)

வெட்டலாம். தலையணையை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் விரிப்பும் அதன்மேல் பழைய வேட்டியும் போடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் பக்கத்தை முதலில் முடியுங்கள். காதை முன்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, 6 மில்லிமீட்டர் கேப் போட்டு, மெதுவாக எடுங்கள். அவர் களைத்துவிட்டால் மறுபக்கம் நாளைக்கு, ஒன்றும் குடி முழுகிவிடாது. பொடி முடி ஒன்றுகூட முதுகுக்கு அடியில் போகக் கூடாது. அசைய முடியாதவருக்கு அது குத்திக்கொண்டே இருக்கும். ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்து, விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். முடிந்ததும் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேராகக் காட்டுங்கள். கிருதா ஏறுமாறாக இருந்தால் முகத்திலேயே காட்டிவிடுவார்.

கை நடுங்கும் போலிருந்தால் சொல்லி அனுப்புங்கள், பக்கத்து ஊர்தானே. அப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் செவ்வாய்க்கிழமை வருகிறேன்.