கல்லுக்குள் திராட்சை விதை: தொல்தாவரக் கேள்வி பதில்

கல்லூரி மாணவி, திருச்சி: இலையின் அச்சு பாறையில் பதிவது புரிகிறது. பூவும் பழமும் எப்படி அழுகாமல் தப்பின?

அழுக நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மத்தியப் பிரதேசம் சிந்துவாரா மாவட்டத்து மோகாவ்கலானை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு தவணை தவணையாக வழிந்தது. இடைப்பட்ட காலங்களில் ஏரிகள் தேங்கின, கரையில் செடிகொடிகள் மண்டின. தண்ணீரில் விழுந்த காய்களின் செல்களுக்குள் கரைந்த சிலிக்கா புகுந்து இறுகியது. அந்தக் கல்தான் செர்ட். சிக்கிமுக்கிக் கல்லின் பங்காளி. தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1940களில் இங்கிருந்துதான் எனிக்மோகார்பான் என்ற கனியை விவரித்தார்.

பள்ளி ஆசிரியர், நாமக்கல்: கல்லுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பீர்கள்?

வைர ரம்பத்தால் அறுத்து, முகத்தை வழவழவென்று தேய்ப்போம். பிறகு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் சிறிது நேரம். அமிலம் சிலிக்காவை மட்டும் அரிக்கும். செல் சுவர்களின் கரிமப் பொருள் மயிரிழையாய் எழும்பி நிற்கும். கழுவிக் காயவைத்து, அசிட்டோன் ஊற்றி, செல்லுலோஸ் அசிட்டேட் தாளை மேலே படரவிட வேண்டும். தாள் இளகி, சுவர்களைப் பிடித்துக்கொண்டு காயும். உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் சூலகமும் விதையுறையும் செல் செல்லாகத் தெரியும். மறுபடி தேய்ப்பு, மறுபடி அமிலம், மறுபடி உரிப்பு. கடைசியில் பழம் தீர்ந்துபோய், வரிசையெண் போட்ட தாள்கள்தான் மிஞ்சும்.

வீட்டில் முயல வேண்டாம். இந்த அமிலம் கண்ணாடியையே கரைக்கும். தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும். இந்தக் காயத்துக்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் நான் புட்டியைத் திறக்கவே மாட்டேன்.

வாசகர், தேனி: இவ்வளவு பாடுபட்டு என்ன தெரிந்துவிடும்?

உங்கள் ஊர்ப் பழத்தையே சொல்கிறேன். திராட்சை விதையைத் துப்பாமல் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் இரண்டு பள்ளம். முதுகில் வட்டமாக ஒரு தழும்பு. இரண்டும் சேர்ந்திருந்தால் திராட்சைக் குடும்பம். தக்காணச் செர்ட்டில் கிடைத்த விதைகளிலும் இரண்டும் அப்படியே இருந்தன. 2013இல் அந்தத் தாவரத்துக்கு இண்டோவிடிஸ் சிதலேயே என்று பெயரிட்டார்கள். இந்தக் கற்களில் நெடுங்காலம் உழைத்த ஷியா சிதலேயின் நினைவாக. அக்குடும்பத்தின் மிகப் பழைய கனி என்று அப்போது அறிவித்தார்கள். இலையை மட்டும் வைத்து இவ்வளவு துணிவாகச் சொல்ல முடியாது. இலைகள் ஆளை ஏமாற்றும்.

முதுகலை மாணவர், கோவை: வெட்டாமல் பார்க்க வழியில்லையா?

உண்டு, ஆனால் வேறு வகைப் புதைபடிவத்தில் கைகொடுத்தது. தெற்கு ஸ்வீடனில் ஏறக்குறைய 8 கோடி ஆண்டு பழைய மணல், களிமண்ணைச் சலித்து தொல்தாவரவியலாளர் எல்சே மரி ஃப்ரீஸ் குழுவினர் கரியான பூக்களைக் கண்டெடுத்தார்கள், 1981இல் வெளியானது. காட்டுத்தீயில் காற்றுப் போதாமல் கருகியதால் நசுங்காமல் நின்றவை. பல பூக்கள் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான்! இப்போது சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் செறிவான எக்ஸ்-கதிரில் உள்ளறைகளைக்கூடப் படமெடுக்கிறார்கள். 2015இல் இதே முறையில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய விதைகளுக்குள் கருவையே பார்த்தார்கள். கரு மிகச் சிறியது; விதை முளைக்குமுன் அது இன்னும் வளர வேண்டியிருந்தது. அதாவது, உடனே முளைக்காமல் காத்திருக்கும் உறக்க விதைகள் அப்போதே இருந்தன.

அதே மாணவர்: அம்பரில், அதாவது இறுகிய பழைய மரப்பிசினில், உள்ள பூக்கள்?

கண்ணுக்கு அழகு. பால்டிக் அம்பரில் 28 மில்லிமீட்டர் அகலப் பூ ஒன்று உண்டு. 1872இல் தேயிலைக் குடும்பத்து ஸ்டுவர்ட்டியா என்றார்கள். 2023இல் மகரந்தத்தைச் சுரண்டிப் பார்த்ததில் சிம்ப்ளோகாஸ் என்ற வேறு குடும்பத்துச் செடி என்று ஆனது.

இல்லத்தரசி, மதுரை: அந்த விதைகளை முளைக்க வைக்கலாமா?

கல்லானது முளைக்காதம்மா. இஸ்ரேலின் மசாடாவில் கிடைத்த சுமார் 2,000 ஆண்டு பழைய பேரீச்சை விதை 2005இல் முளைத்தது; அது உலர்ந்த விதை, படிவமல்ல. சைபீரிய உறைமண்ணின் 30,000 ஆண்டுக்கு மேற்பட்ட செடியையும் விதையிலிருந்து எடுக்கவில்லை. காய்த் திசுவிலிருந்து வளர்த்தார்கள்.

வாசகர், விழுப்புரம்: எங்கள் திருவக்கரையில் பழம் கிடைக்குமா?

கஷ்டம். அங்கே கிடப்பவை ஆற்றில் அடித்துவரப்பட்டு, கிளையும் வேரும் இழந்து கல்லான அடிமரங்கள். அந்தப் பயணத்தில் பூ எங்கே தாங்கும்? போனால் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தைக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள், துளைகள் தெரியும். தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் அது. சில்லுகூட எடுக்கக் கூடாது.