மார்ஷ்மெல்லோ மட்டும் பந்தாக உருள்கிறதா?

குரோஷே ஊசியால் பின்னும் ஸ்மோர் பொம்மையில் (பிஸ்கட்டுகளுக்கு நடுவே சாக்லேட்டும், மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயும் வைத்த இனிப்பு அது) பிஸ்கட்டும் சாக்லேட்டும் சரியாக வந்து, நடுவிலுள்ள மார்ஷ்மெல்லோ மட்டும் பந்தாக உப்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். விளிம்பு இல்லாததுதான் காரணம். வட்டத்தை 36 கண்ணி வரை கூட்டியதும், அடுத்த ஒரு சுற்றைப் பின்பக்க லூப்பில் மட்டும் (கண்ணியின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின்னால் இருப்பது), கண்ணி கூட்டாமல் பின்னுங்கள். பக்கச்சுவர் அங்கே நேராகத் திரும்பும். மேலே கண்ணி குறைத்து மூடாதீர்கள். தனியாக இன்னொரு 36 கண்ணி வட்டம் பின்னித் தைத்துவிடுங்கள், மார்ஷ்மெல்லோவின் அழகே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அப்புறம், ஐஸ்கிரீம் டப்பா மூடியில் இரண்டு வட்டம் வெட்டி மேலும் கீழும் உள்ளே வையுங்கள், பஞ்சு தள்ளினாலும் தட்டையாக நிற்கும். அட்டை வேண்டாம், துவைத்தால் ஊறிப்போகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு என்றீர்களே, பிளாஸ்டிக் கண் வைக்காமல் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள்.