ட்ரான்ஸீவருக்கு எதிர்காலம் உண்டு, கடைக்கு?

அன்புள்ள அண்ணன்,

கட்டாரில் ஒரு தரவு நிலையத்தில் கேபிள் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். ஊர் களுவாஞ்சிக்குடி. அங்கே என் கையால் மாட்டிய ட்ரான்ஸீவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதிவேக ட்ரான்ஸீவர்களின் உலகச் சந்தை சில வருடங்களில் பல மடங்கு பெருகும் என்று ஒரு சந்தை அறிக்கையின் சுருக்கத்தை வாசித்தேன். செயற்கை நுண்ணறிவுதான் காரணமாம். சீனாவிலிருந்து எஸ்எப்பி (1 கிகாபிட்), எஸ்எப்பி பிளஸ் (10 கிகாபிட்) வகைகளை மொத்தமாக இறக்கி, எந்தக் கம்பனியின் சுவிட்சுக்கும் (கணினிகளை இணைக்கும் வலைப்பின்னல் பெட்டி) பொருந்துமாறு குறியீடு எழுதும் கருவி ஒன்றையும் வாங்கி, கல்முனையில் கடை போட எண்ணியிருக்கிறேன். சேமிப்புப் போதாது, மனைவியின் நகைகளை அடகு வைக்க வேண்டும். அவள் சம்மதித்துவிட்டாள். கனடாவில் இருக்கும் மச்சானோ, "கடையை விடு, காசை எனக்கு அனுப்பு, ட்ரான்ஸீவர் கம்பனிகளின் பங்கு வாங்கித் தருகிறேன்" என்கிறார். இந்தச் சந்தை உண்மையிலேயே வளருமா? எதில் இறங்குவது? இன்னொரு சின்னக் கேள்வி: ட்ரான்ஸீவரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் கண்ணுக்குக் கெடுதல் என்று கட்டாரில் சொல்வார்கள். வெளிச்சமே தெரிவதில்லையே, அது உண்மையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நகை அடகு வரை போய்விட்டீர்கள் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தை வளரும். கடை வேண்டாம். மச்சானுக்கும் காசு அனுப்ப வேண்டாம். நீங்கள் வாசித்த அறிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அது யாருடைய சந்தையைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள் என்கிறேன்.

இந்தத் தொழில் தெரியாத வாசகர்களுக்காக ஒரு பத்தி. மின்குறியை ஒளியாக்கி அனுப்புவதும், வருகிற ஒளியைத் திரும்ப மின்குறியாக்குவதும் ட்ரான்ஸீவரின் வேலை. தம்பி விற்க நினைப்பது சுவிட்சில் செருகிக் கழற்றும் சின்னத் துண்டு வகை. மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ வீட்டுக்கு பைபர் இணைப்பு எடுத்தவர்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சுவரில் மாட்டிய பெட்டிக்குள் பச்சை முனையுள்ள மெல்லிய கம்பி ஒன்று நுழைகிறதே, அதற்கு உட்புறம் இருப்பது அதுதான். 1490 நனோமீற்றர் அலைநீளத்தில் வருவதை வாங்கி, 1310இல் திருப்பி அனுப்புகிறது. ஒரே இழையில் இரண்டும் மோதாமல் போய்வருகின்றன. எங்கேயாவது மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கும், வீட்டில் பிள்ளைகளின் சத்தமும் தொடங்கும்.

அறிக்கை பேசும் வளர்ச்சி இந்தப் பெட்டிக்குள் இல்லை. நீங்கள் கல்முனையில் விற்க நினைக்கும் 1 கிகாபிட், 10 கிகாபிட் துண்டுகளிலும் இல்லை. அது அமேசன், மைக்ரோசொப்ட், கூகுள், மெட்டா போன்ற ஒரு சில நிறுவனங்களின் தரவு நிலையங்களுக்குள் நடக்கிறது. பிரோட்கொம் 2022இல் அறிவித்த சுவிட்ச் சிப் நொடிக்கு 51.2 டெராபிட் கடத்தியது. 2025இல் வெளிவந்தது 102.4. முதலாவதை நிரப்ப 800 கிகாபிட் ட்ரான்ஸீவர்கள் 64 வேண்டும். இரண்டாவதற்கு அதே 64 வாயிலும் 1.6 டெராபிட் துண்டுகள். செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய ஜிபியு என்னும் கணிப்புச் சிப்களை ஆயிரக்கணக்கில் ஒன்றாக வேலை வாங்குவதற்குச் சுவிட்சுகளை இரண்டு மூன்று அடுக்காக வைக்கிறார்கள். ஒளியிழை இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் ட்ரான்ஸீவர் தேவை. ஜிபியு வாங்குகிறவன் ட்ரான்ஸீவரையும் சேர்த்து வாங்கியே ஆகவேண்டும். 100 கிகாபிட்டுக்கான ஈதர்நெட் தரநிலை 2010இல் வந்தது, 400க்கு 2017, 800க்கு 2024. தரநிலையின் மை காயுமுன் அடுத்த வேகத்துக்கான வேலை தொடங்கிவிடுகிறது. ஆகவே வளர்ச்சி மெய்.

ஆனால் தம்பி, வாங்குகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும் சந்தையில் விலையை யார் தீர்மானிப்பார்கள்? கடத்தும் பிட் ஒன்றுக்கான விலை வருடா வருடம் இறங்கிக்கொண்டே வருகிறது. விற்பனை எண்ணிக்கை அந்த இறக்கத்தை முந்தி ஓடினால்தான் வருமானம் கூடும். அந்த நாலைந்து பேரில் இருவர் ஒரு காலாண்டுக்கு வாங்குவதை நிறுத்திவைத்தால் போதும், அறிக்கையின் வளைகோடு முறிந்துவிடும்.

தொழில்நுட்பமும் நிலையாக இல்லை. 800 கிகாபிட் துண்டு ஒன்று ஏறத்தாழ 15 வாட் இழுக்கிறது. 64 துண்டுகள் என்றால் ஒரு கிலோவாட்டுக்குக் கிட்ட. சுவிட்ச் சிப் குடிக்கும் மின்சாரம் அதற்கு வெளியே. இந்தக் கட்டணத்தைத் தாங்க முடியாமல், துண்டுக்குள் இருக்கும் குறிச்செயலிச் சிப்பைக் கழற்றிவிட்டு ஒரு வகை செய்கிறார்கள். இன்னொரு பக்கம், செருகிக் கழற்றும் துண்டே வேண்டாம், ஒளிப்பகுதியைச் சுவிட்ச் சிப்பின் பக்கத்திலேயே வைத்துப் பொதிந்துவிடலாம் என்கிறார்கள். ஜிபியு செய்யும் என்விடியா அப்படியான சுவிட்சுகளை 2025 மார்ச்சில் அறிவித்தது. அதே என்விடியாதான் 2024இல் ஒரே அலுமாரிக்குள் 72 ஜிபியுக்களை ஆயிரக்கணக்கான செப்புக் கம்பிகளால் இணைத்துக் காட்டியது. கிட்ட தூரத்துக்குச் செம்பு இன்னும் மலிவு, மின்சாரமும் மிச்சம். செருகும் துண்டுகள் நாளைக்கே மறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பழுதானால் இரண்டு விரலால் உருவி மாற்றும் வசதியை எந்தப் பராமரிப்பாளரும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார். அது உங்களுக்கே தெரியும்.

மச்சானுக்கான பதில் 2001இல் இருக்கிறது. அப்போதும் இதே துறைதான், இதே பேச்சுத்தான்: இணையப் போக்குவரத்து பெருகுகிறது, ஒளியிழைப் பாகங்களுக்குத் தட்டுப்பாடு, வாங்கிப் போடுங்கள். போக்குவரத்து பெருகியது, அன்றைய பங்குச்சந்தைக் குமிழி உடைந்த பிறகும் அது நிற்கவில்லை. ஆனால் அந்தத் துறையின் செல்லப்பிள்ளையாக இருந்த ஜேடிஎஸ் யுனிபேஸ் 2001 நிதியாண்டில் மட்டும் 50 பில்லியன் டொலருக்கு மேல் நட்டம் காட்டியது. ஒளியிழைக் கேபிள் போட்ட குளோபல் குரொசிங் 2002 ஜனவரியில் வங்குரோத்தானது, தொலைத்தொடர்புக் கருவி செய்த நோர்டெல் 2009இல். ஜேடிஎஸ் யுனிபேஸ் 2015இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாதிதான் இன்றைய லூமென்டம். ட்ரான்ஸீவரில் பெயர்போன பினிசார் 2019இல் வேறொரு கம்பனியின் வயிற்றுக்குள் போனது. அந்தக் கம்பனி 2022இல் லேசர் கம்பனியான கொஹிரன்ட்டையும் வாங்கி, வாங்கியதன் பெயரையே சூடிக்கொண்டது. இன்டெல்கூட 2023இல் இந்தத் துண்டு வியாபாரத்தை ஜேபில் என்ற ஒப்பந்தத் தயாரிப்புக் கம்பனிக்குக் கைமாற்றியது. தேவை பற்றிச் சொன்ன ஆரூடம் பலித்தும், பங்கு வாங்கியவன் கையைச் சுட்டுக்கொண்டான்.

இன்றைக்கு முன்னணியில் நிற்பவை இன்னோலைட், இயோப்டோலிங்க் போன்ற சீனக் கம்பனிகள். அமெரிக்காவின் வரிக்கும் அரசியலுக்கும் அஞ்சித் தாய்லாந்திலும் தொழிற்சாலை போட்டிருக்கிறார்கள். லேசர் செய்ய வேண்டிய இந்தியம் பொஸ்பைட் உட்பட, இந்தியம் என்ற உலோகம் சேர்ந்த சில பொருள்களின் ஏற்றுமதியைச் சீனா 2025 பெப்ரவரியில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முந்திய மாதம், டீப்சீக் என்ற சீனச் செயற்கை நுண்ணறிவு மலிவாக உருவானது என்ற செய்தி பரவிய ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பிலிருந்து ஏறக்குறைய 600 பில்லியன் டொலர் கரைந்தது. ஒளியிழைக் கம்பனிகளின் பங்குகளும் கூடவே விழுந்தன. இந்த ஆட்டத்தை ஆட மச்சானிடம் காசு இருந்தால் அவர் காசில் ஆடட்டும். இலங்கையிலிருந்து வெளிநாட்டுப் பங்கில் முதலிட 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் விதிகள் வேறு இருக்கின்றன. உறவினர் கணக்கில் சுற்றிவளைத்து அனுப்பும் யோசனை வேண்டவே வேண்டாம்.

இனிக் கல்முனைக் கடை. ட்ரான்ஸீவர் மீன் மாதிரி. அலுமாரியில் கிடக்கிற ஒவ்வொரு மாதமும் விலை போகும். இங்கே வாங்குகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். கடலடிக் கேபிள்கள் கொழும்புப் பக்கமும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. அங்கிருந்து கிழக்குக்கு வரும் முதுகெலும்பு இணைப்பின் கருவிகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுடையவை, அவை கல்முனைக் கடையில் சாமான் தேடா. வங்கிக் கிளைக்கு வேண்டியதைத் தலைமையகம் வாங்கும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே கேள்விப்பத்திரம். உத்தரவாதம், மூன்று விலைமனு, கொடுப்பனவுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. மிஞ்சுவது பாசிக்குடா ஹோட்டல்கள், பாதுகாப்புக் கமரா பூட்டும் பையன்கள், ஒரு சில தனியார் வைத்தியசாலைகள். அவர்களுக்கு வருடத்தில் எத்தனை துண்டு தேவைப்படும்? 2022 மார்ச்சில் டொலர் இருநூறிலிருந்து கிளம்பி மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொன்று மறுபடி வந்தால், பழைய சரக்கு வைத்திருப்பவன் ஒரு தடவை லாபம் பார்ப்பான். அடுத்த தடவை வாங்கக் காசு இருக்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விற்பனை அனுமதி பற்றியும் விசாரிக்காமல் எதையும் இறக்க முடியாது.

உங்களிடம் விற்க வேறொன்று இருக்கிறது, அதற்கு இந்தக் கரையில் ஆள் குறைவு. கட்டாரில் நீங்கள் துண்டை மாட்டுமுன் முனையைத் துடைத்திருப்பீர்கள், உருப்பெருக்கியில் பார்த்திருப்பீர்கள். இங்கே யார் பார்க்கிறார்கள்? ஒற்றைப்பாங்கு இழையின் ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரோன். தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. ஒரு தூசி போதும், இணைப்பு நொண்டுவதற்கு. வாவிக் காற்றின் உப்பும் ஈரமும் பொன் பூசிய மின்முனைகளைக்கூட விட்டுவைப்பதில்லை. "ட்ரான்ஸீவர் பழுது" என்று குப்பைக்குப் போவதில் கணிசமானவை வெறும் அழுக்கு முனைகள். மலிவாகக் கிடைத்தது என்று 80 கிலோமீற்றர் துண்டைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பூட்டி, ஒளி மிதமிஞ்சிப் போய் எதிர்முனையின் வாங்கியைக் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒளியைக் குறைக்கும் மட்டுப்படுத்தி ஒன்று போட்டிருந்தால் தப்பியிருக்கும். 10 கிகாபிட், 10 கிலோமீற்றர் வகைத் துண்டு மைனஸ் 14.4 டிபிஎம் (ஒளிவலுவின் அலகு) வரை மங்கிய ஒளியையும் பிடிக்கும். சுவிட்சில் ஒரு கட்டளை கொடுத்தால் இப்போது எவ்வளவு வருகிறது என்று துண்டே சொல்லும். அந்த எண்ணை வாசித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர் வந்தால் ஹோட்டல் முகாமையாளர் காசு தருவார். துண்டு விற்க வந்தால் கொழும்பு விலை கேட்பார்.

ஆகவே ஒளிவலு அளவி ஒன்று, முனை பார்க்கும் உருப்பெருக்கி, துடைக்கும் பேனா, உங்கள் சேமிப்புக்குள் அடங்கினால் இரண்டாம் கையாக இழைகளை இணைக்கும் ஓர் ஒட்டுக்கருவி. இவை போதும். குறியீடு எழுதும் கருவியையும் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். விலை பெரிதில்லை, சுவிட்ச் அந்நியத் துண்டை ஏற்க மறுக்கும்போது உதவும். ஆனால் வாடிக்கையாளரிடம் அது மாற்றுத் தயாரிப்பு என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும், பற்றுச்சீட்டிலும் எழுத வேண்டும். ட்ரான்ஸீவரை வேலை கிடைத்த பிறகு, கேட்ட எண்ணிக்கைக்கு இரண்டு கூட்டிக் கொழும்பில் எடுங்கள். லாபம் குறையும், நகை வீட்டில் இருக்கும்.

கண் விடயம் உண்மை. 1310, 1550 நனோமீற்றர் ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இமை தானாக மூடாது. நீங்கள் மாட்டிய சாதாரணத் துண்டுகள் பெரும்பாலும், லேசர் பாதுகாப்புத் தரப்படுத்தலில் ஆபத்து மிகக் குறைந்த முதலாம் வகுப்பைச் சேர்ந்தவை. வெறுங்கண்ணுக்கு ஆபத்துக் குறைவு. ஆனால் அந்த வகுப்பைத் தாண்டிய ஒளியை உருப்பெருக்கியால் பார்த்தால் கதை வேறு, ஒளிவலுவைக் கூட்டும் பெருக்கி பூட்டிய நெடுந்தூர இணைப்பு இன்னும் மோசம். கைபேசிக் கமராவை நம்பாதீர்கள்: 850ஐ அது ஓரளவு காட்டலாம், 1310ஐயும் 1550ஐயும் அதன் சிலிக்கன் உணரி பிடிக்காது. அளவியை வைத்துப் பாருங்கள், ஒளி இல்லையென்று உறுதியான பிறகு உருப்பெருக்கியை எடுங்கள். கழற்றிய முனைக்கு உடனே மூடி போடுங்கள். மூடிகளைத் தொலைக்காமல் வைக்க ஒரு சின்ன டப்பா சட்டைப்பையில் இருக்கட்டும்.