எருக்குழியில் கிடைத்த மண்ணுளிப் பாம்பை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் கடலைக் காட்டில் நேற்றுக் காலை எருக்குழியை அள்ளும்போது ஒரு மண்ணுளிப் பாம்பு வந்தது. மண்வெட்டி பட்டு வால் பக்கம் லேசான கீறல். டிரம்மில் போட்டு மூடி, பாலும் முட்டையும் வைத்திருக்கிறோம். மச்சானுக்குத் தெரிந்த ஒருவர், "எடை போட்டுச் சொல்லுங்கள், லட்சக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது" என்கிறார். எனக்கு விற்க மனசில்லை. ஆனால் வனத்துறைக்குப் போன் செய்தால் என் மேலேயே கேஸ் போடுவார்களோ என்று பயம்.
- ஒரு வாசகர், முசிறி வட்டம்

பதில்: உங்களுக்கு அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, இப்படிப் பிடிபட்ட காட்டுயிர் அரசின் சொத்து. அது உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். எருவை அள்ளும்போது வந்தது, உடனே சொல்லிவிட்டோம் என்பவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. நாலு நாள் டிரம்மில் வைத்திருந்து, எடை போட்டு, வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பியவர்தான் மாட்டிக்கொள்கிறார். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் புரோக்கரும் வீடு தேடி வருகிறான்.

போன் செய்த பிறகு பாலையும் முட்டையையும் எடுத்துவிடுங்கள். பாம்புக்குப் பால் உணவல்ல. இதன் சாப்பாடு எலி. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். டிரம்மில் ஒரு சாண் உயரத்துக்கு உலர்ந்த பொலபொலப்பான மண் போடுங்கள். மூடியில் ஓட்டை இருக்கட்டும், டிரம் நிழலில் இருக்கட்டும். மண் கிடைத்ததும் உள்ளே புகுந்து அடங்கிவிடும். காயத்துக்கு மஞ்சள் தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். கால்நடை மருத்துவர் பார்க்கட்டும்.

இனி அந்த 'ஆள்' விஷயம். பொறுமையாகப் படியுங்கள், இதில் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. எடை இவ்வளவு தாண்டினால் இத்தனை லட்சம், கேன்சருக்கு மருந்து, வீட்டில் வைத்தால் செல்வம் கொட்டும் என்பார்கள். எல்லாம் பொய். இந்தப் பாம்புக்கு விஷமே கிடையாது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினர் 1978 முதல் நடத்திவரும் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கில் மட்டும்தான். பாம்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த அந்த மக்களுக்கே மண்ணுளியிடம் எடுக்க ஒன்றுமில்லை.

பிறகு பணம் எங்கிருந்து வருகிறது? உங்களிடமிருந்துதான். 'பார்ட்டி' வருவதற்கு முன் டெஸ்டிங் செலவு, வண்டிச் செலவு, லாட்ஜ் வாடகை என்று கறப்பார்கள். கடைசியில் போலீஸ் வேஷத்தில் இருவர் வந்து மிரட்டி, பாம்பையும் மிச்சப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். இரிடியம் கலசம் என்று ஊரை ஏமாற்றுகிறார்களே, அதே வித்தைதான். எடை கூட்ட வாய்க்குள் இரையைத் திணித்து வயிறு வீங்கிய பாம்பை நான் கையில் வாங்கியிருக்கிறேன். மறுநாள் செத்துப்போனது. வாலில் கம்பியைக் காய்ச்சிக் கண், வாய் போலச் சூடு போட்டு, 'ரெண்டு தலை' என்று காட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

ரெண்டு தலை கிடையாது. வால் மழுங்கி, தலை அளவுக்கே தடிமனாக இருக்கும். ஆபத்து வந்தால் தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துவிட்டு வாலைத் தூக்கிக் காட்டும். கடிக்க வரும் விலங்கு வாலைக் கடித்துவிட்டுப் போகும், உயிர் தப்பும். அது நக்கினால் குஷ்டம் வரும் என்பதும் வீண் பேச்சு.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம். நான் சொல்வதெல்லாம் திட்டே இல்லாமல் செம்பழுப்பாக, வால் மழுங்கலாக இருக்கும் பாம்புக்கு. மண்ணுளியிலேயே உடம்பு முழுக்கக் கரும்பழுப்புத் திட்டுள்ள இன்னொரு வகை உண்டு. அதற்கும் விஷமில்லை. ஆனால் கண்ணாடி விரியனும் பார்க்க அப்படித்தான் இருக்கும்: தடித்த உடம்பு, திட்டுத் திட்டாக. விரியனின் தலை கழுத்தை விட அகலம், திட்டுகள் சங்கிலி போல வரிசையாக வரும், குக்கர் விசில் போலச் சீறும் என்று அடையாளம் சொல்லலாம். அந்தி வெளிச்சத்தில், எருக்குழி ஓரத்தில், பயத்தோடு நிற்கிற யாரும் அதையெல்லாம் சரி பார்க்க முடியாது. அதனால் திட்டுள்ள பாம்பு எதுவானாலும் விரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடாதீர்கள், டிரம்மில் தள்ளவும் பார்க்காதீர்கள். தள்ளி நின்று, எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

வனத்துறைக்குப் போன் செய்தால் உடனே வருவார்களா என்றால், எனக்கே அனுபவம் இருக்கிறது. "அது எங்க ரேஞ்ச் இல்லைங்க" என்று ஒரு அலுவலகத்தில் மூன்று முறை கைமாற்றிவிட்டார்கள். பாம்பு வெயிலில் சாக்கில் கிடந்தது. அதனால் போன் செய்த நேரம், பேசியவர் பெயர், பதவி இவற்றைக் குறித்து வையுங்கள். யாரும் வரவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

வருகிறவரிடம் ஒன்று கட்டாயம் கேளுங்கள்: "இதை எங்கே விடப் போறீங்க?" வண்டியில் ஏற்றிப் போய்த் தொலைதூரக் காப்புக்காட்டில் விட்டுப் போட்டோ எடுப்பது இன்னும் நடக்கிறது. அது எனக்கு ஆத்திரமாக வரும். பழக்கமில்லாத இடத்தில் வளையும் தெரியாமல் இரையும் தெரியாமல் அலைந்து பாம்பு சாகும். கீறல் ஆறியதும் உங்கள் காட்டு வரப்பிலேயே சாயங்காலம் விடச் சொல்லுங்கள். கடலைக்கு எலித்தொல்லை உங்களுக்கும் தெரியும்தானே.

மிச்ச எருவை அள்ளும்போது மேலிருந்து மண்வெட்டியைப் போடாமல், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து அள்ளுங்கள். மண்ணுளி முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் வாலில் கரும்பட்டைகளோடு வேறு பாம்பு போலத் தெரியும். அவற்றை அடித்துவிடாதீர்கள்.