மாதச் சந்தாவில் மல்லிகைப்பூ: விலை வைப்பது எப்படி?

தம்பி, கல்லூரித் தொழில்முனைவோர் வகுப்புக்காக, தினம் இரண்டு முழம் மல்லி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து மாதம் 1,200 ரூபாய் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வருஷம் முழுக்க ஆகாது. மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விலை பல மடங்கு ஏறும். முகூர்த்த நாளிலும் அப்படித்தான். தொகையை நிலையாக வைத்து முழத்தை மாற விடுங்கள்: "தினம் 40 ரூபாய்க்குப் பூ".

முதலில் அடக்கவிலை. ஒரு கிலோ மொட்டைக் கட்டக் கொடுத்து எத்தனை முழம் தேறுகிறது என்று பாருங்கள். கை அளவு ஆளுக்கு ஆள் மாறும், 45 செ.மீ. குச்சி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டு, கட்டுக்கூலி, நூல், பெட்ரோல், கழிவு (வீணாகும் பூ) எல்லாம் சேருங்கள். பலரும் விட்டுவிடுவது கழிவைத்தான். காலையில் வாங்கி மதியத்துக்குள் கட்டிவிடுங்கள், சாயங்காலம் வீட்டில் விரியவேண்டும். ஈரத்தோடு பாலித்தீனில் இறுக்கி வைத்தால் பழுப்பேறும்; வாழையிலை நல்லது.

நீங்கள் விசாரித்த 50 பேரில் 40 பேர் "வாங்குவோம்" என்றதை நம்பிக் கொள்முதல் செய்யாதீர்கள். ஒரு வார முன்பணம் 280 ரூபாய் கேளுங்கள், கொடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். ஒரே தெருவில் பத்து வீடு சேரும்வரை அடுத்த ஏரியா வேண்டாம், லாபம் பெட்ரோலுக்கே போய்விடும்.