டாக் வாங்க முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போனிலும் லப்டொப்பிலும் இருக்கும் பாட்டு வெறும் இலக்கங்கள்தான். அவற்றை அம்பிளிபயர் ஏற்கக்கூடிய மின்னலையாக மாற்றித் தருவது டாக். இந்த முறை வந்த கேள்விகளில் அதிகமானவை அதைப் பற்றியவை.

கல்முனை: அப்பாவின் பழைய அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருக்கின்றன. லப்டொப்பில் பாட்டுப் போடுகிறேன். ஈஎஸ்எஸ் சிப் உள்ள டாக் நல்லதா, ஏகேஎம் சிப் உள்ளதா? விலை கூடினால் ஒலியும் கூடுமா?

தம்பி, ஈஎஸ்எஸ், ஏகேஎம் இரண்டும் டாக்குக்குள் இலக்கத்தை மின்னலையாக மாற்றும் சிப்பைச் செய்யும் நிறுவனங்கள். சிப்பின் பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள். 2020 ஒக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்து, அந்தச் சிப்புகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது சில நிறுவனங்கள் தங்கள் டாக்கை வேறு சிப்புக்கு ஏற்ப மாற்றி வடிவமைத்து விற்றன. சிப்பைச் சுற்றியுள்ள மின்வழங்கியும் வெளியீட்டுச் சுற்றும் ஒழுங்காக இருந்தால் இரண்டுமே நல்லவை.

ஒழுங்காகச் செய்த ஒரு டாக்கின் திரிபு, அதாவது மூல ஒலி கெடும் அளவு, 0.001 வீதம் அளவில்தான் இருக்கும். ஸ்பீக்கரோ, சத்தத்தைக் கூட்டினால் தாழ்ந்த சுரங்களில் 1 வீதத்தையும் தாண்டிவிடும். அதனால் உங்கள் பெட்டிகளை முதலில் பாருங்கள். பழைய பெட்டிகளில் கூம்பின் விளிம்பிலுள்ள ஸ்பொஞ்ச் காய்ந்து உதிர்ந்திருக்கும். அப்படியிருந்தால் டாக்குக்கு வைத்திருக்கும் காசை அதற்குக் கொடுங்கள்.

பெட்டிகள் நன்றாக இருந்தால், யுஎஸ்பியில் செருகும் சின்ன டாக்கான டொங்கிள் ஒன்றில் தொடங்குங்கள். பிறகு பெரிய டாக்கோடு ஒப்பிடும்போது ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். டொங்கிள்களில் பல சுமார் 1 வோல்ட்தான் தரும். மேசையில் வைக்கும் டாக் வழமையாக 2 வோல்ட் தரும். அது 6 டெசிபல் கூடுதல். எங்கள் காது சத்தம் கூடியதை எப்போதும் "தெளிவானது" என்றே எடுத்துக்கொள்ளும். நானும் பல காலம் இப்படி ஏமாந்திருக்கிறேன். இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் வித்தியாசம் கேட்டால் தயங்காமல் வாங்குங்கள்.

ஆரையம்பதி: டாக் பூட்டிய நாளிலிருந்து பெட்டிகளில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். டாக் பழுதா?

பெரும்பாலும் இல்லை. லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால், அது சார்ஜர் வழியாக எர்த் கம்பியில் உருவாகும் மின்சுற்று. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும்தான் அந்த "ம்ம்ம்". எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் செருகிப் பாருங்கள். டிஷ் வயர் போகும் ரீவியும் செட்டோடு தொடுக்கப்பட்டிருந்தால் அதையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால், டாக்குக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் பூட்டும் சிறிய ஒலி ட்ரான்ஸ்போமர் ஒன்று போதும்.

பிளக்கின் எர்த் கம்பியை மட்டும் வெட்டாதீர்கள். அப்படி வெட்டிய செட்டுகளைத் திருத்துவதற்காக என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். இரைச்சல் போயிருக்கும், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு வயர் நழுவி செட்டின் உலோக உறையில் பட்டால் 230 வோல்ட் அதைத் தொடுபவரின் உடலுக்குள் போகும். அது சின்னப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.

அக்கரைப்பற்று: ரீவியின் ஒப்டிகல் வயரை டாக்கில் பூட்டினேன். சிவப்பு வெளிச்சம் தெரிகிறது, சத்தம் இல்லை.

ரீவியின் ஒலி அமைப்புக்குள் போய் வெளியீட்டை "பிசிஎம்" (சுருக்காத சாதாரண இலக்க ஒலி) என்று மாற்றுங்கள். அது டொல்பி என்ற சுருக்கிய ஒலி வடிவத்திலோ "ஓட்டோ"விலோ இருக்கும்; சாதாரண டாக்குக்கு டொல்பியைப் பிரித்துப் படிக்கத் தெரியாது. ஒப்டிகல் வழியில் மின்சாரம் போகாது, ஒளிதான் போகும். ஆரையம்பதிக்காரரின் இரைச்சல் உங்களுக்கு அந்த வழியாக வராது.

காத்தான்குடி: 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். சீடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. அந்த 44.1 கிலோஹேர்ட்ஸ், அதன் பாதியான 22 கிலோஹேர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கொண்டுவரும். மனிதக் காது 20ஐத் தாண்டாது, வயது போகப் போக அதுவும் குறையும். 16 பிட்டின் 96 டெசிபல் வீச்சும் (மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) விசிறி சுழலும் எங்கள் அறைகளுக்குத் தாராளம். 24 பிட் உண்மையில் உதவுவது பாட்டைப் பதிவுசெய்பவர்களுக்குத்தான். நீங்கள் பழைய பாட்டுகளை விரும்புகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். பழைய நாடாவில் பதியாமல் போன ஒலியை எந்த டாக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நல்ல பிரதியைத் தேடிப் பிடியுங்கள். அதற்குச் செலவழிக்கும் நேரம் வீணாகாது.

பொத்துவில்: கடலிலிருந்து நூறு யார் தூரத்தில் வீடு. ஒரு பக்கப் பெட்டி அடிக்கடி மௌனமாகிறது. புது டாக் வாங்கவா?

வாங்க வேண்டாம், பொறுங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது டாக்கையும் அம்பிளிபயரையும் இணைக்கும் வயர்களின் முனையிலுள்ள ஆர்சிஏ பிளக்குகளைத்தான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு திருகிச் செருகுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய் இன்னும் விரைவில் துருப்பிடிக்கும். அந்த இடது வலது வயர்களை அம்பிளிபயர் முனையில் மட்டும் மாற்றிப் பூட்டுங்கள்: மௌனமும் பக்கம் மாறினால் கோளாறு வயரிலோ டாக்கிலோ, மாறாவிட்டால் அம்பிளிபயரிலோ பெட்டியிலோ. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்க முன், சுவரிலுள்ள பிளக்கோடு அன்டெனா வயரையும் ரவுட்டர் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். மின்னல் அவற்றின் வழியாகவும் வரும்.