மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, நியமனக் கடிதமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஊழியர் என்ன செய்யலாம்?

கேட்டால் "பிடிக்காட்டி வேலையால நிக்கலாம்" என்று முதலாளி சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனத்தைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் நகரத்தில் ஒரு கடையிலோ சின்னக் கம்பனியிலோ வேலை செய்கிறீர்கள், வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை, கணக்கெழுதுகிறவள். முறைப்பாடு கொடுத்து என் காசை வாங்கியவள்.

நியமனக் கடிதம் இல்லை என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. கடை, அலுவலக ஊழியர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போதே சம்பளம், வேலையின் தன்மை எல்லாவற்றையும் எழுத்தில் தருவது அதன்படி முதலாளியின் கடமை. கடிதம் தராதது அவருடைய குற்றம், உங்களுடையது இல்லை. மாதச் சம்பளம் என்றால் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும். "வசதிப்படும்போது தருவேன்" என்பதற்கு அங்கே இடமே இல்லை. முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்தில், அதாவது நாங்கள் லேபர் ஒபிஸ் என்று சொல்கிற இடத்தில் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.

இனி என் கதை. நான் இருந்தது கட்டடப் பொருள் விற்கும் ஒரு ஹாட்வெயார்க் கடை. சீமெந்து, கம்பி, தகரம், பெயின்ற் எல்லாம் உண்டு. காசுப் புத்தகம் என் கையில்தான் இருந்தது. அதனால் "காசு இல்லைப் பிள்ளை" என்று முதலாளி சொல்லும்போது, அன்று எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியும். காலையில் வந்து இருந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இண்டைக்கு என்ன செக் பாஸாகும்?" என்பதுதான். கொழும்புக் கம்பனிகளுக்குத் திகதி போட்டுக் கொடுத்த செக்குகள் அவை. அந்தத் தொகையை மத்தியானத்துக்கு முன் வங்கியில் போட்டுவிட வேண்டும். செக் திரும்பினால் அடுத்த லோட் சீமெந்து வராது. எங்கள் சம்பளம் வராவிட்டாலோ, அடுத்த நாள் எட்டரைக்கு நாங்கள் வந்து கடையைத் திறப்போம். எல்லாருக்கும் கொடுத்து முடித்து மிஞ்சினால்தான் எங்களுக்கு. கடன்காரர்களிலேயே நெருக்காத கடன்காரர் வேலையாட்கள்தான். வியாபாரம் நட்டம் என்பதால் சம்பளம் பிந்துகிற இடங்கள் குறைவு. பிந்தினால் ஒன்றும் நடக்காது என்பதால் பிந்துகிற இடங்கள்தான் கூட. இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை, புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் இது: "கொண்ணன் கனடாவிலதானே பிள்ளை, உனக்கேன் இவ்வளவு அவசரம்?"

என் அண்ணன் கனடாவில் இருப்பதற்கும் நான் இங்கே உழைத்த கூலிக்கும் என்ன சம்பந்தம்? கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். இந்த ஊரில் ஒரு வீட்டில் ஒருவர் வெளிநாடு போய்விட்டால் போதும், மிச்சப் பேர் எல்லாரையும் காசுக்காரர் ஆக்கிவிடுவார்கள். வாடகை கூடும், மேசன் கூலி கூடும், கோயில் நிதிக்கு வருகிறவர்கள் ரசீதுப் புத்தகத்தில் தொகையைத் தாங்களே எழுதிவிட்டு நீட்டுவார்கள். அங்கே அண்ணன் இரண்டு வேலை செய்து வீட்டுக் கடன் கட்டுகிறார். அவரிடம் கைநீட்டக் கூடாது என்றுதான் நான் வேலைக்கே போனேன். என்னோடு அந்தக் கடையில் நின்ற மற்றப் பிள்ளைக்கு வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. அவளுக்கும் சம்பளம் பிந்தியது. அவளிடம் வேறு காரணம் சொன்னார்.

சரி, நான் என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன். முதலில் வட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினேன்: எந்த எந்த மாதம், எவ்வளவு நிலுவை, எப்போது தருவீர்கள். "அடுத்த கிழமை பாப்பம்" என்று பதில் வந்தது. அவர் எழுதிய அந்த ஒரு வரி பிறகு பெரிய உதவி. சம்பளம் நிலுவையில் இருக்கிறது என்பதை அவரே எழுத்தில் ஒத்துக்கொண்டதாகிவிட்டது. அப்புறம், நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கடைக் காசை வங்கியில் போட்ட ஆள் நான். வைப்புத் துண்டில் காசு போட்டவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் என்னுடையவை. அவற்றைப் படம் எடுத்து வைத்தேன். கடை இரகசியத்தைத் திருடினாய் என்று யாராவது கேட்கலாம். என் கையெழுத்து உள்ள துண்டுகளை மட்டும்தான் எடுத்தேன், வேறு ஒரு தாளையும் தொடவில்லை. உங்களிடம் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். நீங்கள் எழுதிய பில், பொருள் ஏற்றி இறக்கியபோது வைத்த கையெழுத்து, முந்தின மாதச் சம்பளம் கணக்குக்கு வந்த பதிவு, கடைச் சீருடையோடு எடுத்த படம்கூடப் பரவாயில்லை.

முறைப்பாடு கொடுத்த பிறகு விசாரணைக்கு இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டார்கள். முதலாளி ஒரு சம்பளப் புத்தகத்தோடு வந்தார். புத்தம் புதுக் கொப்பி. எல்லா மாதமும் ஒரே பேனையால், ஒரே மை, ஒரே சாய்வு. என் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து. நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தமிழில்தான் கையெழுத்து வைக்கிறேன். என் அடையாள அட்டையையும் வைப்புத் துண்டுகளையும் அந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். உத்தியோகத்தர் மாறி மாறிப் பார்த்தார், முதலாளியிடம் வேறொன்றும் கேட்கவில்லை, கொப்பியை மூடிவிட்டு "எப்ப குடுக்கப் போறியள்?" என்று மட்டும் கேட்டார். தவணையில் தருவதாக முதலாளி எழுதிக் கொடுத்தார். இழுபட்டு இழுபட்டுத்தான் வந்தது, ஆனால் முழுதும் வந்தது. கொடுக்காமல் விட்டால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்த் தண்டப்பணம் அறவிடுவதுபோல அறவிடலாம். அந்தப் பயம்தான் வேலை செய்தது.

அதே மேசையில்தான் இன்னொன்றும் தெரிய வந்தது. என் பெயரில் ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஓய்வுகாலத்துக்கென்று சேர்கிற ஈ.பி.எஃப் காசு, ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கவில்லை. சம்பளத்தில் 8 வீதம் எங்களிடம் கழிக்க வேண்டும், 12 வீதம் முதலாளி தன் பங்காகப் போட வேண்டும். ஈ.ரி.எஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் போடுவது தனியாக 3 வீதம். "நீ தற்காலிகம்தானே" என்பார்கள், நம்பாதீர்கள். தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே இது உண்டு. சேமலாப நிதியைப் பிந்திக் கட்டினால் தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். முறைப்பாடு எழுதும்போது சம்பளத்தோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்.

யுத்தத்துக்குப் பிறகு இங்கே ஒரு கடை நடத்துவதே பெரும்பாடு, முதலாளியின் கஷ்டம் உனக்குத் தெரியுமா என்று கீழே ஒருவர் எழுதுவார். தெரியும். 2022இல் சீமெந்தும் இல்லை, டீசலும் இல்லை. அப்போது அவர் எங்களைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் காட்டிச் சொன்னார், நாங்களே அரைச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டோம். நான் முறைப்பாடு செய்தது அதற்கு இல்லை. பிறகு வியாபாரம் நன்றாக ஓடிய காலத்தில் பிந்தியதற்கு. எல்லா முதலாளிமாரையும் சொல்லவும் இல்லை. இப்போது நான் வேலை செய்கிற இடத்தில் மாதக் கடைசி ஞாயிறு என்றால் வெள்ளியே சம்பளம் வந்துவிடும்.

உங்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கோபத்தில் இராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். "கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாயிற்று" என்று எழுதிய தாளிலோ வெறும் வவுச்சரிலோ கையெழுத்து வைக்காதீர்கள், பாதிக் காசை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டாலும் வேண்டாம். வேலையால் நிற்பாட்டினால், அது நியாயமில்லை என்று, இப்படியான வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போக உங்களுக்கு 6 மாதம்தான் அவகாசம், நிற்பாட்டிய நாளிலிருந்து. அதனால் "நாளைக்கு வராதை" என்று அவர் சொன்னால், அன்றே திகதியோடு ஒரு செய்தி அனுப்பி அவரிடமே உறுதிப்படுத்திக் கேளுங்கள்.